சகலை வீட்டுப் பட்டமரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைத் தகரக் கூரைமேல் ஒரு கிளை விழுந்தது. என் கைப் பருமன். முகம் முழுக்க சோப்பு; கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, வெளியே ஓடக்கூடிய கோலமும் இல்லை. வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஓடிவந்து கதவைத் தட்டினாள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்ததும், "அப்போ சீக்கிரம் வாங்க, நான் துணி துவைக்கணும்" என்று போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு வாதாம் மரம் பட்டுப்போய் இரண்டு கோடை ஆகிறது. பட்டை உரிந்து, அடியில் கரையான் ஏறி, எங்கள் குளியலறைப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நாலு திசை இருக்க, இதுதானா கிடைத்தது அதற்கு?

மரத்துக்குச் சொந்தக்காரர் என் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்து இருக்க ஆசைப்பட்டுத்தான் இந்த இரண்டு வீடுகளையும் பிடித்தார்கள். அவரும் நானும் பேசி மூன்று வருடம். மாமனார் வீட்டுக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால் நான் நாற்காலியோடு மல்லாந்தபோது முதலில் சிரித்தவர் அவர். கடைசியாக நிறுத்தியவரும் அவரே.

போய்ச் சொன்னால் வாய் முத்தா உதிர்ந்துவிடும் என்கிறாள் இவள். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? மரம் யாருடையது?

ஜூலை 9, புதன்

இரண்டே நிமிடத்தில் குளித்தேன். முதுகு இன்றைக்குக் கணக்கில் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மனைவி மதில் ஓரமாக நின்று அக்காவிடம் சொல்ல, அக்கா அவரிடம் சொல்ல, அவர் "எல்லாம் அவருக்கே தெரியும்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டாராம். எனக்கு என்ன தெரியும்? திமிர்தானே இது?

சரி, சட்டப்படியே போவோம். நகராட்சி அலுவலகத்தில் மனுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறார் மனிதர்.

ஜூலை 14, திங்கள்

மனு கொடுத்தேன். என் மனுவை நானே வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அதனால் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றேன். என் நாற்காலியில் டைப்பிஸ்ட் அம்மா. நிமிர்ந்து பார்க்காமலே "பதினஞ்சு வேலை நாள்" என்றார். நான்தாம்மா என்றேன். "உங்களுக்கும் பதினஞ்சுதான் சார்."

எத்தனை ஆயிரம் பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன்! வெளியே நின்று கேட்கும்போது ரொம்ப நீளமாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

காற்று. விடிவதற்குள் மூன்று கிளைகள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு குளித்தேன். நல்ல யோசனைதான், தலைக்குத் தண்ணீர் விட முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை. இவள் அதை அக்காவிடம் சொல்லித் தொலைத்திருக்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

ஜூலை 18, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

மரங்களைப் பார்வையிடும் ஆய்வாளர் என் மேசைக்கு வந்தார். மரத்துக்காரர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். சகலை என்றேன். அப்படியென்றால் நேரில் சொல்லிவிடலாமே என்றார். கோப்பு கோப்பாகவே போகட்டும் என்றேன், ரொம்பக் கம்பீரமாக.

"அது சரி சார். ஆனா இந்த மரத்துக்கு ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கே" என்றார்.

டைப்பிஸ்ட் அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார். சகலையின் மனு. 'மரம் பட்டுவிட்டது, பக்கத்து வீட்டின்மேல் விழும் அபாயம் உள்ளது, வெட்ட அனுமதி தேவை.' முதல் தடவை: வரைபட நகல் இணைக்கவில்லை, திருப்பி அனுப்புக. இரண்டாம் தடவை: நகலில் சான்றொப்பம் இல்லை, திருப்பி அனுப்புக. மூன்றாம் தடவை: கதவு எண் பழையது, திருப்பி அனுப்புக. மூன்றிலும் சிவப்பு மையில் 'பார்த்தேன்'. கீழே என் கையெழுத்து.

எங்கே பார்த்தேன்? பெயரைக்கூடப் பார்க்கவில்லை. நான் எல்லாவற்றிலும் 'பார்த்தேன்' எழுதுவதால் அலுவலகத்தில் என் பெயரே 'பார்த்தேன் சார்'. அதைப் பட்டம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டின்மேல் விழும் அபாயம். என் வீட்டைத்தான் எழுதியிருக்கிறார்.

ஜூலை 19, சனி

அவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசிவிடலாம் என்று போனேன். பக்கத்தில் போனதும் பால் பாக்கெட் வாங்கப் போகிறவன் போல நடந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் இருந்தது. ஏன் முகம் தொங்கிக் கிடக்கிறது என்று இவள் கேட்கிறாள். இவளிடமும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலையிலேயே சகலையின் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தேன். பதினொரு மேசை. ஆய்வாளர், பொறியாளர், பிறகு மறுபடியும் ஆய்வாளர். இன்றைக்கே வேண்டும் என்று கெஞ்சினேன். மாலை நாலு பத்துக்கு ஆணையர் கையெழுத்துப் போட்டார். மை காயுமுன் போன் அடித்தது. இவள்தான்.

மரம் விழுந்துவிட்டது.

குளியலறை இல்லை. கூரை, சுவர், தண்ணீர்க் குழாய், எதுவும் இல்லை. இவள் அங்கேதான் துணி துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அக்கா திரைச்சீலைத் துணியைக் காட்டக் கூப்பிட்டாளாம், அப்படியே ஊறப்போட்டுவிட்டுப் போனாளாம் — பத்து நிமிஷம். பத்தே பத்து நிமிஷம். அவ போகாம இருந்திருந்தா? நான் இங்க ஜம்முனு பதினோராவது மேசையில நின்னுட்டிருப்பேன். என்னத்தப் பார்த்த நீ? என்னத்தப் பார்த்து எழுதின?

இவள் அழவில்லை. நல்ல சேலை ஒன்று ஊறிக்கொண்டிருந்தது என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நான்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சகலை இடிபாட்டுக்கு நடுவில் நின்றிருந்தார். ஆணையை நீட்டினேன். வாங்கவில்லை.

"மூணு தடவையும் உங்க கையெழுத்துதான் இருந்துச்சு" என்றார்.

"சகலை, சத்தியமா நான் படிக்கவே இல்ல. பேரைக்கூடப் பாக்கல."

குனிந்து ஒரு கிளையை இழுத்துப் போட்டார். "வன்மத்துல திருப்பி அனுப்புறீங்கன்னு நாலு மாசமா நினைச்சிட்டிருந்தேன். படிக்காமலா அனுப்புனீங்க? அது இன்னும் மோசம்ல."

ஆணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவரே பிறகு சொன்னார்: "நானும் நேர்ல வந்து கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்."

தகரத்தின் ஒரு முனையை அவர் தூக்கினார். மறுமுனையை நான் பிடித்தேன்.

ஜூலை 24, வியாழன்

கொத்தனார் முடிக்க மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை சகலை வீட்டில்தான் குளியல். ஆசை தீர முதுகு தேய்த்தேன். அவர் வெளியே நின்று, "உள்ள குடி வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

ஜூலை 30, புதன்

இன்று ஒரு மனுவை முழுதாகப் படித்தேன். ஏழு நிமிடம். அதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது, வசவும் கேட்டது. வந்தவர் கேட்டது ஒரு தெருவிளக்கு. இணைப்பு எதுவும் தேவையில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். டைப்பிஸ்ட் அம்மா எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புதுக் குளியலறை வியாழனே தயாராகிவிட்டது. கான்கிரீட் கூரை. கொத்தனார் கரண்டியைக் கழுவும்வரை சகலையும் நானும் பக்கத்திலேயே நின்றிருந்தோம். இவள் அன்றைக்கே குளித்துவிட்டு, மாளிகை மாதிரி இருக்கிறது என்றாள்.

இன்று காலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கொத்தனார் இன்னுமா முடிக்கவில்லை என்று அக்கா கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், பேப்பரிலிருந்து தலை நிமிராமல் சகலை சொன்னார்:

"சுவர் இன்னும் காயலையாம்."