வெயிலில் பார்த்த கன்னம்

12-3-1979
வேலூரில் மகள் ஆக்னஸுக்கு ஆபரேசன் முடிந்தது. இடது கன்னத்தில் நெல்லிக்காய் அளவு இருந்த கட்டி போயிற்று. கெட்ட கட்டி இல்லையாம். ஐந்து தையல். நான் வெளியே உட்கார்ந்து ஏழு டீ குடித்தேன். அவ்வளவு தைரியம்.

17-3
தையல் பிரித்தார்கள். மெல்லிய சிவப்புக் கோடு. டாக்டரம்மா நிறைய சொன்னார். பொருக்கைப் பிய்க்கக் கூடாது, புண் நன்றாக மூடியதும் வாசலைன் போட்டு விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும்... அப்புறமும் ஏதோ சொன்னார். நான் பஸ்ஸுக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜூனில் அவளுக்கு டீச்சர் வேலை. "புள்ளைங்க மூஞ்சியத்தான்பா பாக்கும்" என்கிறாள்.

4-4
தேய்ப்பது அவள், பார்ப்பது நான். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் இருபது வருடமாக ஆட்டுத்தோல் தரம் பிரிக்கிறவன். முள் கீறல், கொம்பு குத்து எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது, நல்ல வெளிச்சம் இருந்தால். அதனால் தினமும் மாடிக்குக் கூட்டிப்போய், கன்னத்தை வெயிலுக்குத் திருப்பி அரைமணி பார்க்கிறேன்.

25-4
கோடு கறுக்கிறது. ஏன்? சாப்பாடா? வாசலைனா? கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள். "நான் வேலைக்குப் போகலப்பா."

28-4
மறுபடி வேலூர். டாக்டரம்மா கத்தினார்: "வெயில் படக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே! புதுத் தழும்பு கறுத்துடும். யார் வெயில்ல நிறுத்தினது?"
நான்தான் — கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.
"நல்லவேளை, தடிக்கல. நிழல்ல வெச்சுக்குங்க. ஒரு வருசத்துல மங்கிடும்."
மங்கிடும்! திரும்பும் பஸ்ஸில் ஆக்னஸ், "நான் இன்னா ஆட்டுத்தோலாப்பா, வெயில்ல விரிச்சுப் பாக்க?" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று!

29-4
குடை வாங்கினேன். இருப்பதிலேயே பெரியது.

11-6
பள்ளிக்கூட வாசல் வரை ஆக்னஸுக்குக் குடை பிடித்துப் போனேன். எங்கள் தொழிற்சாலை மக்பூல் அகமது தெருவிலேயே என்னைப் பெயர் சொல்லி நிறுத்தினான்.
"இன்னா இருதயம், புது வேலையா? சம்பளம் ஜாஸ்தியா?"
"சம்பளம் இல்ல தோஸ்த். தண்டனை."
சாயங்காலம் ஆக்னஸ் சொன்னாள். ஒரு வாண்டு, "டீச்சர், கன்னத்துல இன்னா?" என்றதாம். "ஆபரேசன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றாளாம்.

13-4-1980
ஞாயிறு. கோயிலில் பூசை முடிந்து மக்பூல் வீட்டில் பிரியாணி. பிள்ளைகள் பண்ணுகிற சேட்டைகளை ஆக்னஸ் நடித்துக் காட்ட, மண்டை பிளக்கும் வெயிலில் பேசிக்கொண்டே நடந்து வந்தோம்.
வீட்டுக்குள் நுழைந்தபிறகுதான் பார்த்தேன். குடை ஆணியிலேயே தொங்குகிறது. இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.