வெண்ணியின் நாவைத் தர மறுத்து நீர்மலை அரசி விடுத்த ஓலை

கயற்கொடி உயர்த்தி நீர்மலை நாட்டை இருபதாண்டாய்ப் புரந்துவரும் அரசி கொற்றியார், விண்மாபுரத்துப் பெரும்பீடத்து அதிபதி சோதிநாத அடிகளை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நகரில் மழை பொய்யாதிருக்க. தங்கள் மாடங்களில் விளக்குகள் நின்றெரிக.

தூதர் பரஞ்சுடர் கொணர்ந்த தங்கள் திருமுக ஓலை கண்டோம். எம் நாட்டில் கூத்துக்குக் கதை கட்டும் வெண்ணி என்பவள் தெய்வத்தை இழித்தாள், பேயழைக்கும் மந்திரத்தை ஊராருக்குப் பயிற்றினாள் என்றும், அவள் நாவை அறுத்து ஏட்டை எரிக்காவிடில் பீடம் எமக்குச் சூட்டிய முடி செல்லாது என்றும் எழுதியிருந்தீர்கள்.

அவளை அவைக்கு அழைத்து விசாரித்தோம். விண்மீன்களுக்கு அப்பால் ஓர் ஊர் உண்டென்றும், அங்கே பேசும் செப்புத் தெய்வம் ஆண்டுக்கொரு பிள்ளையைக் கேட்கும் என்றும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி அச்சிலையின் முதுகுக் கதவைத் திறந்து, உள்ளே குழல்வழி பேசிக்கொண்டிருந்த மனிதனைக் கண்டாள் என்றும் தன் கதையை உரைத்தாள். தெய்வத்தை ஏன் பழித்தாய் என்று கேட்டோம். தெய்வத்தை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, உள்ளே இருந்தவனைத்தான் சொன்னேன் என்றாள். நான்காம் களத்தில் அந்தத் தாய் வெட்டவெளியில் மண்டியிட்டுத் தொழுகிறாள், முன்பு இங்கு வந்திருந்தபோது தூதர் மூன்றாம் களத்திலேயே கூத்தை நிறுத்திவிட்டார் என்று சொல்லும்போது அவள் குரல் உயர்ந்தது. அச்சத்தால் அன்று, சினத்தால்.

கூத்தில் வரும் மந்திரத்தையும் சோதித்தோம். எம் அமைச்சர் அதனை அவை நடுவே பதினொரு முறை உரக்க ஓதினார். பேய் எதுவும் வரவில்லை. கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை என்று ஆற்றுமீன் பெயர்களைத் தலைகீழாய்க் கோத்திருந்தாள். அவைக்குப் பசி வந்ததே அதன் பயன்.

அடிகளே, ஒன்று வெளிப்படையாய் எழுதுகிறோம். எம் முடிசூட்டு நாளில் தங்கள் பீடத்துச் செப்புத் திருமேனி வாய்திறந்து எம்மை வாழ்த்தியது. யாம் மெய்சிலிர்த்து நின்றோம். இருபதாண்டாய் அக்குரலை ஐயுற்றதில்லை. வெண்ணியின் கதை கேட்டும் ஐயுறவில்லை. விண்மீன்களுக்கு அப்பாலுள்ள ஊரின் கதைக்குத் தாங்கள் ஏன் இத்துணை வெகுண்டீர்கள் என்று தங்கள் திருமுகத்தை இரண்டாம் முறை படித்தபோதே முதன்முதலாய் ஐயுற்றோம்.

நேற்று மாலை தங்கள் தூதரை எம் அருகிருத்தி, நான்காம் களத்தை ஆடச் செய்தோம். அந்தத் தாய் தொழுதபோது எம் ஊரார் அனைவரும் கைகூப்பினர். பரஞ்சுடரும் கூப்பினார்.

நாவைத் தரமாட்டோம். ஏட்டை எரிக்கமாட்டோம், ஏழு படிகள் எழுதச் சொல்லியிருக்கிறோம். தாங்கள் சூட்டிய முடியைப் பட்டில் பொதிந்து தூதர்வசம் அனுப்புகிறோம். இன்று காலை வெறுந்தலையோடு அவையேறினோம். எம் மக்கள் என்றும்போல் எழுந்து நின்றனர்.

எல்லைக் காவலர்க்கும் ஊர்த்தலைவர்க்கும் எம் ஆணை இது: வெண்ணியும் அவள் கூத்தரும் வேண்டிய ஊரில் வேண்டிய கதை ஆடுக, அவளைத் தீண்டும் கை எம்மைத் தீண்டிய கையாகும்.

பீடம் தந்த இலச்சினை மோதிரமும் முடியோடு வருகிறது. ஆதலால் இவ்வோலையின் அரக்கில் எம் பெருவிரலையே பதித்தோம்.