மூத்தவள் பேருக்கு வந்த நோட்டீஸ்

என் அன்பான உங்களுக்கு,

இங்கே நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் போனபாடில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கப்பலில் உங்களுக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? என்ஜின் அறையில் வேலை செய்யும்போது கையுறையைக் கழற்றாதீர்கள். போன லீவில் பார்த்த தீக்காயம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களே, அது வந்தேவிட்டது. நில எடுப்பு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். தபால்காரர் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் பேரை அல்ல, அவள் பேரை. என்னிடம் பேசும்போது சில சமயம் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வீர்களே, அந்தப் பேரை. உங்கள் மூத்தவள் செத்து ஆறு வருஷமாகிறது. அரசாங்கம் இன்னும் அவளைத்தான் வீட்டுக்காரி என்கிறது. தினம் கூட்டிப் பெருக்குகிற நான் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிந்தது. பத்திரத்தை மாற்றலாம், மாற்றலாம் என்று ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிட்டுப் போவீர்கள்.

அடுத்த வாரமே அளக்க வந்தார்கள். சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார்கள். கோடு நம் கூடத்தின் நடுவில் விழுந்திருக்கிறது. நான் காபி குடிக்கும் நாற்காலி வீட்டில் இருக்கிறது, அத்தையின் நாற்காலி சாலையில் இருக்கிறது. முன்பக்கத்துத் தையல் அறை முழுசாகப் போகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. லீவில் வந்து இறங்கினால் பையைக் கூட வைக்காமல் நேரே அந்த அறைக்குப் போய் அவள் மிஷினுக்கு எண்ணெய் போடுகிறவர் நீங்கள். அதற்குப் பிறகுதான் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். ஒரு மிஷினுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. போதாததற்கு அத்தை. அவள் தைத்தால் சட்டை உடம்போடு ஒட்டிப் பேசும் என்று நான் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து ஆரம்பிப்பார்.

எதிர்வீட்டு வக்கீலம்மாவிடம் நோட்டீஸைக் காட்டினேன். அளவோ மதிப்போ தப்பென்றால் விசாரணையில் ஆட்சேபிக்கலாம் என்றார். அவர்கள் எடுத்ததுபோக மிச்சமிருப்பதில் குடியிருக்க முடியாதென்றால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டாம். எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அவள் சாயம் பூசிய கதவு, அவள் அடித்த ஆணி, அவள் பார்த்து வாங்கிய ஜன்னல் கம்பி, எல்லாமே போகட்டும். நானும் நீங்களும் முதல் தடவையாகச் சேர்ந்து காலடி வைக்கிற ஒரு வீடு வரட்டும். வீட்டு விஷயத்துக்கென்று போன லீவில் நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் விசாரணைக்குப் போனேன்.

அங்கேயும் அவள் பேரைத்தான் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். அதிகாரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'நீங்கதானாம்மா இவங்க?' என்று கேட்டார். 'இல்லீங்க, நான் இவங்க வீட்டுக்காரரோட சம்சாரம்' என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். என்ன உறவு என்று எழுத வேண்டும் என்றார். சக்களத்தி என்றா சொல்ல முடியும்? அக்கா என்று சொல்லி, அவள் இறந்ததையும் சொன்னேன். புரிந்துகொண்டு தலையாட்டினார்.

பிறகு மதிப்பீட்டைப் படித்தார். முன்பக்கம் தகரக் கொட்டகை, உபயோகத்தில் இல்லை, உள்ளே பழைய சாமான் என்று எழுதியிருந்தது. கொட்டகையாம்!

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. 'யாருங்க எழுதினது? உள்ள வந்து பார்த்தாங்களா?' என்று கேட்டேன். கூரை தகரம்தான், ஆனால் நாலு பக்கமும் செங்கல் சுவர். துணி வெட்டும் மேடை சுவரோடு சேர்த்துக் கட்டினது. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும் என்று சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்தது. இந்தத் தெருவில் பாதிப் பெண்கள் அங்கேதான் தைக்கப் படித்தார்கள். மாடிப்படியே அந்த அறையின் வருமானத்தில் கட்டியதுதான். 'எங்கக்கா தொழில் பண்ணின இடம் அது, கொட்டகையில்ல' என்று தொண்டை வற்றக் கத்தினேன். எல்லாம் அத்தை சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமானது. அவருக்குக் காது கொடுத்ததற்கு முதல் தடவையாகப் பலன் கிடைத்தது.

அதிகாரி நல்ல மனுஷர். மறுபடி ஆள் அனுப்பிப் பார்த்து, தொழில் நடந்த கட்டடமாகவே மதிப்புப் போடச் சொல்வதாக எழுதிக்கொண்டார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த விசாரணை வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்.

பஸ்ஸில் வரும்போது அழுகை அழுகையாக வந்தது. யோசித்துப் பார்த்தால், அவளைக் குறைத்துப் பேச எனக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது போல. வேறொருத்தர் பேசினால் மனசு பொறுக்க மாட்டேன் என்கிறது. அதற்காக என் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் காலை வைத்ததும் அதுவும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த அறை எப்படியும் போகும், கோட்டை நகர்த்த முடியாதாம். மிஷினை நம் படுக்கையறைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். எண்ணெயும் போட்டுவிட்டேன். இனிமேல் வந்தவுடன் அதைத் தேடிப் போகச் சாக்கு இல்லை. கட்டிலில் நீங்கள் படுக்கிற பக்கமாகத்தான் இடம் இருந்தது, நீங்கள் கொஞ்சம் ஒடுங்கித்தான் படுக்க வேண்டும்.

மிச்ச வீட்டை ஒட்டுப்போட்டுக்கொண்டு இருப்பதா, முழுசாகக் கொடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்பதை நீங்கள் வந்து சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம், போனிலும் வேண்டாம். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும், பத்திரத்தில் என் பேரும் ஏறட்டும்.

லீவு கிடைக்காவிட்டால் கப்பல் அதிகாரியின் காலில் விழுந்தாவது வாங்குங்கள். அந்த அறையை இடிக்கும்போது நீங்கள் அழுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நடுக்கடலில் யாருக்கும் தெரியாமல் அழ வேண்டாம். வந்து, அவளுக்காக என் தோளில் அழுங்கள். அதையாவது எனக்குக் கொடுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
(இளையவள் என்று இனிமேல் எழுத மாட்டேன்)