அஸர் பாங்கு கேட்காத பிற்பகல்

அன்பு மகனுக்கு, ஸலாம்.

நான் யோகப் பயிற்சியை விடாவிட்டால், வெள்ளிக்கிழமை குர்ஆன் விளக்க வகுப்புக்கு என்னை அனுப்பக் கூடாது என்று உன் மனைவி நிஷாத்திடம் சொல்லியிருக்கிறாய்.

சென்ற வாரம் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு என் காதில் விழவில்லை என்பது உண்மைதான். பக்கத்து வீட்டுத் திரிவேதி டீச்சர் கற்றுத்தந்தபடி, கண், காது என்று ஒவ்வொரு புலனாக உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரே குர்ஆன் வசனத்தின் விளக்கத்தில் அமர்ந்திருந்தேன். நிஷாத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மி, பொழுது சாஞ்சு மஃரிபே வந்துடுச்சு! தொழுகையை விட்டுட்டு எந்தச் சொர்க்கத்துல இருந்தீங்க?"

"உன் டிவி எட்டாத சொர்க்கத்துல" என்றேன். ஆனால், உடனே எழுந்து, விட்டதை முதலில் தொழுதேன்.

உன் அப்பா போன பிறகு என்னால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. இந்தப் பயிற்சிதான் புத்தகத்தைத் திரும்பத் தந்தது. கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருடம் படித்தும் முஸ்லிமாகவே வீடு திரும்பியவள் நான். மூச்சை அடக்கியா மாறிவிடுவேன்?

இனித் தொழுகையை முடித்த பிறகே பயிற்சிக்கு அமர்வேன். அதற்கு மேல் இறங்கிவர மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு ரிக்‌ஷா சொல்லியிருக்கிறேன். தடுப்பதானால் நிஷாத்தை ஏவாதே. ஜித்தாவிலிருந்து லக்னோவுக்கு நீயே வந்து வாசலில் நில். நீ நின்றால், அந்த ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகாமலும் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மி