நிழலில் வைத்த குரோட்டன்ஸ்

ஆட்டையாம்பட்டி,
ஆடி வெள்ளி, காலை.

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இதைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வராது. எழுதி முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். போனிலேயே பேசலாமே என்பாய். போன ஞாயிறு போனில்தான் பேசினேன். ஜெர்மனியில் இரண்டு வருட வேலை வந்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீ சொல்லி முடிப்பதற்குள் வேண்டாம் என்றுவிட்டேன். நீயும் "சரிங்கப்பா" என்று வைத்துவிட்டாய். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

உன் குரோட்டன்ஸ் செடிகளைப் பற்றி உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். மாசியில் அவற்றை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய் அல்லவா? பங்குனி வெயிலைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. சாயம் போட்ட நூலை நிழலில்தானே உலர்த்துவோம்? வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும். முப்பது வருடப் பழக்கம். பதினொரு தொட்டிகளையும் தூக்கி நூல் காயும் கொட்டகைக்குள் வைத்துவிட்டேன். ஈரத்துணியால் ஓர் இலையைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்றுகூடப் பார்த்தேன். அம்மா இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

வைகாசிக்குள் புதிதாக வந்த இலையெல்லாம் வெறும் பச்சை. மிளகாய்ச் செடி மாதிரி நின்றன. பயந்துபோய் நர்சரி பூபதியைக் கூட்டி வந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "ஏனுங்க, இது என்ன நூலுங்களா? வெயில் பட்டாத்தானுங்க கலரு ஏறும்" என்றார். ஒரேயடியாக வெளியே வைத்தாலும் கருகிவிடுமாம். முதலில் காலை வெயில் மட்டும் காட்டச் சொன்னார். அப்படியே செய்தேன்.

இன்று காலை தண்ணீர் ஊற்றப் போனவன் குடத்தோடு நின்றுவிட்டேன். ஒரே இலை, சாமி! நடு நரம்பு குங்குமச் சிவப்பு. அதிலிருந்து கிளை கிளையாக மஞ்சள். ஓரத்தில் பழுத்த நாவல் நிறம். ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. காய்ச்ச அடுப்பில்லை, நிறம் பிடிக்க உப்பில்லை, ஒரு சொட்டுச் சாயம் இல்லை. அந்தச் சிவப்பைக் கலக்க என்னால் இந்த ஜென்மத்தில் முடியாது. கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டேன் என்றால் சிரிக்காதே. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனையும் உள்ளுக்குள்ளயே இருந்துருக்குதுங்க, பாருங்க" என்றாள்.

அவள் அதைச் சொன்னதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன் விருப்பம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் வேண்டாம் என்றேனே! பயம்தான், வேறொன்றுமில்லை. அவ்வளவு தூரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள் என்ற பயம். அது இன்னும் போகவில்லை. போகாது. அது என்னோடு இருக்கட்டும்.

உனக்குப் பிடித்திருந்தால், திங்கட்கிழமை ஆபீசில் ஒத்துக்கொள். குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டையாக வாங்கிக்கொள். திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் துணை இருப்பார்.

தைரியமாகப் போய் வா, சாமி.

உன் அப்பா,
சந்திரசேகர்