உதட்டால் காட்டிய பக்கம்

கோச், இன்று காலை பந்துப் பையைத் திறந்ததும் உங்கள் தைல வாசம் முகத்தில் அடித்தது. நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்று எனக்குப் பயிற்சியாளர் பரீட்சை. நான் தவறினால் செவ்வாய்க்கிழமைகளில் எங்களுக்குக் கிடைக்கும் மண்டபம் வேறு அணிக்குப் போய்விடும் என்று விளையாட்டுக் கழகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஜெர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகர மண்டபத்தில் எங்கள் முதல் நாள் நினைவிருக்கிறதா? நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் வலைப்பந்து ஆடியவர்கள். கூடைப்பந்தைக் கையில் தந்ததும், பிடித்த இடத்திலேயே அசையாமல் நின்றோம். பந்தில் ஏதும் கோளாறா என்று ஜெர்மன் மொழியில் கேட்டீர்கள்.

"வலைப்பந்தில பந்தோட ஓடினால் பிழையெல்லோ," என்றார் வதனி அக்கா. நான் மொழிபெயர்த்ததும் நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். பிறகு எழும்பி, போகவேண்டிய மூலையை உதட்டைக் குவித்துக் காட்டினீர்கள். உங்கள் ஊரான பிலிப்பைன்ஸில் எல்லோரும் அப்படித்தான் திசை காட்டுவார்களாம். அது தெரியாத வதனி அக்கா என் காதுக்குள், "இந்த மனுசன் ஆருக்கடி கொஞ்சுறார்?" என்று கேட்டார்.

பிலிப்பைன்ஸில் நீங்கள் நீளம் பாய்ந்தீர்கள், ஈட்டி எறிந்தீர்கள், நீந்தினீர்கள், கூடைப்பந்தும் ஆடினீர்கள். இத்தனையும் எப்படி என்று கேட்டதற்கு, "எங்கே ஆள் குறைந்ததோ அங்கே போனேன்," என்றீர்கள், கடைக்குப் போய்வந்த கதைபோல. முழங்கால் பழுதான பிறகு பயிற்சியாளரானதும் அப்படித்தானாம்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, இப்போது எங்கள் அணிக்கு ஆள் குறைகிறது என்றீர்கள். சொல்லிவிட்டு உதட்டை என் பக்கம் நீட்டினீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. எனக்கு ஏலாது கோச் என்று சொல்ல வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

இன்று பரீட்சகர்கள் முன்னால் எங்கள் அணிக்கே பயிற்சி கொடுக்கவேண்டியிருந்தது. பாதியில் எனக்கு ஜெர்மனும் வரவில்லை, தமிழும் வரவில்லை. வதனி அக்கா பந்தோடு பழையபடி நின்று என்னையே பார்த்தார். எனக்குத் தெரியாமலே என் உதடு இடது மூலைக்கு நீண்டது. அவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். மற்றவர்களும் அவரவர் இடத்துக்குப் பாய்ந்தார்கள். அதன்பின் என் வாயும் திறந்துகொண்டது.

அது என்ன சைகை என்று பரீட்சகர் அம்மா கேட்டார். எங்கள் கோச்சுடையது என்றேன். சிரித்தபடி, தேறிவிட்டீர்கள் என்று கை தந்தார். வெளியே வந்து காரில் சாய்ந்து, ஆறுதலில் நன்றாக அழுதேன். "அழாதையடி, இனி மண்டபம் எங்கடைதான்," என்று வதனி அக்காவும் சேர்ந்து அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பையை வாங்கி, உள்ளே அலுமாரியில் வைக்கவா என்று கேட்டார். நான் உதட்டால் வாசற்கதவைக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டு ஓட வசதியாக அங்கேயே வைத்துவிட்டார்.