கொங்காணிக்கு மேலே நீல வானம்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. எதிர் வீடு தெரியவில்லை. துணி காயவில்லை, ஒட்டிய பசையும் காயவில்லை.

சாக்குப் படம் முக்கால்வாசி. காப்பிச் சாக்கைப் பலகையில் இழுத்து ஆணியடித்து, பாதைக்குக் காப்பித் தோல் ஒட்டி, அதன்மேல் குச்சி பெயிண்ட். லிப்ஸ்டிக் மாதிரி திருகினால் மேலே வரும். தண்ணீர் வேண்டாம், பிரஷ் வேண்டாம். தேய்த்தால் சணலின் மேட்டில் மட்டும் பிடிக்கிறது, பள்ளத்தில் சாக்கு அப்படியே தெரிகிறது. பிரஷ்ஷில் இது வராது.

நான் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு எஸ்டேட்டில் இந்தக் குச்சிகளை வாங்கிக் கொடுத்தார்கள். டீச்சர் எனக்கும் ஆசை. தனியாக ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். பச்சை தீரப்போகிறது.

படத்தில் பூங்கொடி. மஞ்சக்குட்டையிலிருந்து காப்பிப் பழம் பறிக்க வருபவள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்ட கொங்காணியோடு. கூப்பிட்டுக் காட்டினேன்.

"மூஞ்சி என்னுதில்லீங்க டீச்சர். கொங்காணி என்னுதேதானுங்க."

எனக்கு அது போதும்.

நவ. 5, புதன்

தூறல். சர்ச் ஹால் ஓவியக் கண்காட்சிக்குப் பேர் கொடுக்க, முடிந்த படத்தோடு போனேன். பொறுப்பு, ரிட்டயர் ஆன டிராயிங் மாஸ்டர். ஆயில், வாட்டர்கலர். மற்றதெல்லாம் அவருக்குக் கலரே இல்லை.

"இது சின்னப் பிள்ளைங்க குச்சிங்கம்மா. பிள்ளைங்க மேசையில வச்சிருங்க."

"வரைஞ்சது நானுங்க. எனக்கு நாப்பத்தாறு வயசுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியவர்கள் படம் மாட்டும் சுவர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இவர்: "அடுத்த வருசம் ஆயில் வாங்கிக்கலாம் புள்ள." முடியாது என்றேன். சோறு போட்டுவிட்டுப் படத்திடம் போனேன்.

நவ. 7, வெள்ளி

வார்னிஷ் அடிக்க வேண்டும். ஈரக் கை பட்டால் இந்தக் கலர் கரையும். ஆனால் பனியில் அடித்தால் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். மத்தியானம்வரை வெயிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நாளை கண்காட்சி. அப்படியே போகட்டும்.

வாங்க: உப்பு, மெழுகுவத்தி, பச்சைக் குச்சி.

நவ. 8, சனி

இவரே படத்தைத் தார்ப்பாயில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்.

பெரியவர்கள் சுவரில் நானே ஆணியடித்து மாட்டினேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழும், எதில் செய்தது என்று அட்டை வைக்கச் சொல்லியிருந்தார்கள். எழுதி ஒட்டினேன்: காப்பிச் சாக்கு, காப்பித் தோல், குச்சி பெயிண்ட்.

மாஸ்டர் வந்தார். நாலு பேரைக் கூப்பிட்டார். "பாருங்க, இது நிக்கிற கலரா?" கட்டைவிரலை நாக்கில் நனைத்து, பூங்கொடி தலைக்கு மேல் இருந்த வானத்தில் ஒரே இழுப்பு. நீலம் போய்ச் சாக்கு தெரிந்தது. அவர் விரலெல்லாம் நீலம்.

அழுகை வந்தது. மறைக்கவில்லை.

இவர் முன்னால் வந்தார். "ஏனுங்க மாஸ்டர், அடுத்தவங்க படத்துல எச்சி வெக்கறதுங்களா? நொம்ப தப்புங்க."

மாஸ்டர் விரலை வேட்டியில் துடைத்தார், வேட்டியும் நீலம். "கழட்டிச் சரி பண்ணிட்டு வந்து மாட்டுங்கம்மா" என்றார், குரல் இறங்கி.

பையில் நீலக் குச்சி இருந்தது. ஒரு தேய்ப்பில் மூடியிருக்கலாம். திருகினேன். வானத்தைத் தொடவில்லை. அட்டையில் இன்னொரு வரி சேர்த்தேன், பெரிய எழுத்தில்:

மாஸ்டரின் கட்டைவிரல்.